பாய்ண்ட்ஸ குடுத்து மிக்ஸி வாங்கிடாதீங்க

வணக்கம் சிஸ், மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து அம்மாவ பழனிக்கு கூட்டிட்டு போகணும், கிரெடிட் கார்டு பாய்ண்ட்ஸ ஏர்லைன்ஸ் பாய்ண்ட்ஸா இப்பவே மாத்தவா இல்ல மிக்ஸி எடுக்கவான்னு கேட்டிருந்தீங்க. மிக்ஸிய விடுங்க, அது தீபாவளி சேல்ல கிடைக்கும் லா.

ஆனா அவசரப்பட்டும் மாத்தாதீங்க, பேங்க்ல இருந்து ஏர்லைன்ஸ்க்கு போன பாய்ண்ட்ஸ் திரும்பி வராது, மாஸோட (மலேசியா ஏர்லைன்ஸ்) என்ரிச் பாய்ண்ட்ஸ்க்கு 3 வருஷம்தான் ஆயுசு. மொதல்ல தேதிய முடிவு பண்ணி, மாஸ்ல சென்னைக்கு பாய்ண்ட்ஸ் சீட் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் மாத்துங்க. தைப்பூச நேரத்துல சீட் கிடைக்கிறது கஷ்டம், அம்மாவுக்கும் அந்தக் கூட்டம் ஆகாது.

இன்னொண்ணு, பாய்ண்ட்ஸ் டிக்கெட்னா ஓசி இல்ல, டேக்ஸும் சார்ஜும் கைக்காசுதான். பழனிக்கு சென்னைய விட திருச்சி கிட்ட, ஏர் ஆசியா நேரா போகுது, அதனால அந்த டிக்கெட்டோட லக்கேஜ் காசையும் சேத்து எத்தன வெள்ளி (ரிங்கிட்) வருதுன்னு பாருங்க, சென்னை பாய்ண்ட்ஸ் டிக்கெட்டோட டேக்ஸ், சார்ஜ விட கொஞ்சம்தான் கூடன்னா காச குடுத்து திருச்சியே போங்க, பாய்ண்ட்ஸ வேற பயணத்துக்கு வச்சுக்கலாம். மல ஏற அம்மாவுக்கு முடியலன்னா விஞ்சு இருக்கு.

பாய்ண்ட்ஸ் பத்தலன்னு கார்ட தேய்க்காதீங்க, பாக்கி வச்சா வருஷத்துக்கு 18% வரைக்கும் வட்டி போடுவான். எந்த பேங்க் கார்டு, எந்த மாசம்னு சொல்லுங்க, பாக்கலாம்.