ஏழை நாடுகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவா?

கேள்வி: "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் வேலையைப் பணக்கார நாடுகள் பார்த்துக்கொள்கின்றன. இந்தியா போன்ற நாடுகள் அந்தப் பணத்தில் இன்னும் நான்கு மருத்துவமனைகளைக் கட்டினால் என்ன? உள்ளூர் ஆராய்ச்சி எதற்கு?"

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் எனக்கு அந்நியமானதன்று. நான் மருத்துவர் அல்லேன். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் களப்பணியாளராக இருந்தேன். சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவர்களை வீடு தேடிச் சென்று, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவதே என் வேலை. கரண்ட் வைப்பதற்காக (ரேடியேஷனை எங்கள் நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள்) வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைத் தாண்டித்தான் தினமும் என் மேசைக்குப் போவேன். என் சம்பளத்தை இவர்களுக்குச் செலவழித்தால் ஆகாதா என்று நானே நினைத்ததுண்டு. அந்த எண்ணம் மாறியதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருந்து நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே வகைக் கேள்வியைத்தான் கேட்கும்: எங்கள் புதிய மருந்து பழையதைவிட மேலானதா? இதே மருந்தைப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதுமா என்று கேட்க அவற்றுக்கு எந்த அவசியமும் இல்லை. அந்தக் கேள்வியை மும்பை டாடா நினைவு மருத்துவமனை கேட்டது. நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அதன் விலை நம் நாட்டில் மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு குழுவினருக்கும் விலை மலிந்த மூன்று மாத்திரைகளைக் கொடுத்து, ஒரு குழுவினருக்கு மட்டும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாபைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் மாத்திரை மட்டும் பெற்ற குழுவில் 16.3 சதவீதம், மருந்தும் சேர்த்துப் பெற்ற குழுவில் 43.4 சதவீதம். 2022-இல் வெளியான இந்த முடிவைப் பணக்கார நாட்டு ஆய்வுக்கூடம் எதுவும் நமக்காகக் கண்டுபிடித்துத் தந்திருக்காது, ஏனெனில் இந்தக் கேள்வி அங்கே இத்தனை அவசரமானதாக இருக்கவில்லை.

இதைவிட எளிமையான கேள்வியொன்று எங்கள் பக்கத்திலேயே கேட்கப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியப் பணக்கார நாடுகள் பல ஆண்டுகளாக நம்பியிருந்தது, கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பேப் ஸ்மியர் பரிசோதனையை. அதற்கு ஆய்வகம் வேண்டும், கண்ணாடித் தகட்டைப் படிக்கத் தேர்ந்த நிபுணர் வேண்டும், முடிவை அறிய அந்தப் பெண் மீண்டும் ஒருமுறை கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். இதற்குப் பதிலாக, நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதும் இதுதான்) கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியரே வெறுங்கண்ணால் பார்த்தால் உயிரிழப்பு குறையுமா? திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வு இதைத்தான் சோதித்தது. அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையும் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து, 114 ஊர்த்தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள ஏறத்தாழ 80,000 பெண்களைக் கணக்கில் எடுத்தன. பரிசோதனை வழங்கப்பட்ட தொகுதிகளில் ஏழாண்டுகளில் இந்நோய் 25 சதவீதமும், இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைவாக இருந்தன. 2007-இல் முடிவு வெளியானது. தமிழ்நாடு அரசும் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இம்முறையை முன்னோட்டமாக நடத்திப் பார்த்த பிறகே மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது.

ஆனால் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் இதே வினிகர் முறை உயிரிழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. இந்நோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று ஒரே ஒருமுறை செய்யப்பட்ட பரிசோதனைதான் இறப்பை ஏறக்குறைய பாதியாக்கியது. ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்காமல் போகலாம் என்பதால்தான் 'உள்ளூர்' என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆய்வுகளின் மீது நியாயமான ஒரு குற்றச்சாட்டும் உண்டு. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்கு ஆய்வுக் காலத்தில் பரிசோதனை எதுவும் வழங்கப்படவில்லை. அன்றைய இந்தியாவில் அவர்களுக்கு வழக்கமாகக் கிடைத்ததும் அதுதான் என்பது ஆய்வாளர்களின் விடை. எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆய்வுகளுக்குப் பணம் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. கேள்வியை வடிவமைக்கும் மேசையில் பணம் தருபவருக்கு இணையாக உள்ளூர் மருத்துவரும், அந்த ஊர்ப் பெண்களில் ஒருவரும் உட்கார வேண்டுமானால், பணத்தில் ஒரு பங்காவது நம் அரசிடமிருந்து வர வேண்டும் என்பது என் கருத்து. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சற்று முன்பு, கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் என்ற சாதாரண மரத்துப்போகும் ஊசியைப் போட்ட ஆய்வு அப்படி நடந்தது; 1,600 பெண்கள், இந்திய அணுசக்தித் துறையின் பணம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 86.4-லிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்தது. வேறு நாடுகளும் செய்துபார்த்து உறுதிசெய்ய வேண்டிய முடிவுதான் இது. ஆயினும் காப்புரிமை இல்லாத மலிவான ஊசிக்கு எந்த நிறுவனம் இத்தனை ஆண்டுகள் செலவு செய்திருக்கும்?

என் வேலைக்கு மிக நெருக்கமானது ஹெச்.பி.வி. தடுப்பூசிக் கதை. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய, இந்தியாவில் 10 முதல் 18 வயது வரையுள்ள 20,000 பெண்களிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையும் அதன் மையங்களுள் ஒன்று. வேறொரு தடுப்பூசித் திட்டம் குறித்து எழுந்த சர்ச்சையால் 2010 ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. அதற்குள் சுமார் 17,700 பேர் ஊசி போட்டிருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரே ஒரு தவணைதான் கிடைத்திருந்தது. ஆய்வு கெட்டுப்போனது என்று கோப்புகளைக் கட்டிவைத்திருக்கலாம். மாறாக, அந்தப் பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து தேடிச் சென்றார்கள். படிப்பு முடித்து, திருமணமாகி, வேறு ஊருக்குப் போன பெண்களைத் தேடுவது எவ்வளவு பெரிய பாடு என்பதை என்னைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டும். வைரஸின் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் தடுப்பதில் ஒரே தவணையின் திறன் 95.4 சதவீதம் என்று 2021-இல் தெரிந்தது. கென்யாவில் 15 முதல் 20 வயதுள்ள 2,275 பெண்களிடம் நடந்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒரு தவணையையும் ஏற்றது. அதே பணத்தில் இருமடங்குச் சிறுமியருக்கு ஊசி போடலாம் என்ற நிலை இப்படித்தான் உருவானது.

ஆகவே நான்கு மருத்துவமனைகள் என்ற உங்கள் கணக்குக்கு என் பதில்: கட்டுங்கள், ஆனால் அவற்றில் எந்தச் சிகிச்சை யாரைப் பிழைக்க வைக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் பணம் வையுங்கள். இயந்திரம் வாங்கப் பணம் எளிதில் கிடைத்துவிடுகிறது. திறப்பு விழா நடத்தலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். பதிவேடு எழுதுபவருக்கும் வீடு தேடிப் போகிறவருக்கும்தான் கிடைப்பதில்லை. எங்கள் பிரிவுக்கு நிதி மூன்றாண்டு ஒப்பந்தமாகவே வந்தது. ஒருமுறை அடுத்த நிதி வர இரண்டாண்டு தாமதமானபோது எங்கள் அனைவரையும் நிறுத்திவிட்டார்கள், அலமாரி பூட்டப்பட்டது. மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டபோது பாதி தொலைபேசி எண்கள் செத்திருந்தன, முகவரிகளோ 'காளியம்மன் கோயில் எதிர்ச் சந்து' என்ற வகையில்தான் இருந்தன.

அப்படி ஒரு சந்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஓர் அம்மாவைத் தேடிப் போனேன். மகன் வெளியே வந்தார். "அம்மா போயி ஒன்றரை வருஷமாச்சுங்க. இப்பத்தான் கேக்க வர்றீங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். இறந்த தேதி அவருக்கு நினைவில்லை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்பது மட்டும் நினைவிருந்தது. நாட்காட்டியைப் பார்த்து ஆகஸ்ட் 4 என்று எழுதிக்கொண்டேன். படிவத்தின் அடுத்த பத்தியில், கடைசி மாதங்களில் வலி எப்படி இருந்தது, எந்த மருந்து கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு அவருக்கு நினைவில் எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.