ஒட்டகம் போய்விட்டது, ஆள் அந்தரத்தில் நிற்கிறான்: ஆலிஸ் கேள்வி பதில்

ஆலிஸ் 3 என்ற இலவச மென்பொருளில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப் போட்டு, முப்பரிமாணக் கதைப் பாத்திரங்களை அசையவைத்து நிரல் எழுதப் பழகுகிறவர்கள் கேட்டவற்றில் சில, என் பதில்களோடு.

எட்டாம் வகுப்பு மாணவன்: பையனை இடது பக்கம் போகச் சொன்னேன், வலது பக்கம் போகிறான். மென்பொருளில் கோளாறா அண்ணா?

கோளாறு இல்லை தம்பி. அவன் உன்னைப் பார்த்து நிற்கிறான், அவன் இடது உனக்கு வலது. ஆலிஸ் 1990களில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரேண்டி பாஷ் குழுவிடம் உருவாகி, 1997இல் அவரோடு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. எக்ஸ், ஒய், இசட் அச்சுகளில் நகர்த்தச் சொன்னால் புதியவர்கள் திணறுவதைக் கண்டு, முன்னே, பின்னே, இடது, வலது என்று மாற்றினார்கள். எல்லாம் பாத்திரத்தின் பார்வையில். குழம்பினால் எழுந்து நின்று நீயே அந்தப் பையனாக நடந்து பார். வகுப்பில் நானும் அப்படித்தான் செய்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அதே மாணவன்: ஒட்டகம் முன்னே போகிறது, மேலே உட்கார்ந்தவன் அந்தரத்திலேயே நிற்கிறான்!

ஒட்டகத்தின் மேல் அவனை வைத்தாய், ஆனால் ஒட்டகத்தோடு கட்டவில்லை. பார்க்க ஒட்டியிருப்பது கணினிக்கு ஒட்டியிருப்பதல்ல. ஆளைத் தேர்ந்தெடுத்து 'செட் வெஹிக்கிள்' கட்டளையில் ஒட்டகத்தைக் கொடு. பிறகு அது எங்கே போனாலும் இவனும் போவான். கேமராவுக்கும் இதே வித்தைதான்: பாத்திரத்தோடு கட்டிவிட்டால் பின்னாலேயே வரும்.

கல்லூரி மாணவி: ஆள் நடக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறான். கால் அசைய என்ன செய்வது?

நல்ல கேள்வி, நிரலாக்கமே இதில் இருக்கிறது. 'மூவ்' உடம்பை மட்டும் நகர்த்தும், காலைத் தொடாது. உடம்பு நகர்வதும் கால் ஆடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், ஆகவே வெளியே ஒரு 'டூ டுகெதர்' கட்டம். ஆனால் வலது கால் முடிந்துதான் இடது கால், ஆகவே அதற்குள் ஒரு 'டூ இன் ஆர்டர்'. இடுப்பு மூட்டை 0.08 சுற்றுத் திருப்புங்கள். ஆலிஸில் கோணம் டிகிரியில் இல்லை, சுற்றுக் கணக்கில், 0.25 என்றால் வட்டத்தில் நாலில் ஒரு பங்கு. முன்பக்கமா பின்பக்கமா என்பதில் எனக்கே இன்னும் தடுமாற்றம்தான். போட்டு ஓட்டிப் பாருங்கள், தப்பென்றால் மாற்றுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. ஒவ்வொரு அசைவுக்கும் இயல்பாக ஒரு நொடி. காலின் நான்கு அசைவுகளுக்கு (முன், பின், இரு கால்) நான்கு நொடி ஆகும், உடம்போ ஒரே நொடியில் போய் நின்றுவிடும். கால் அசைவுகளுக்குத் தலா 0.25 கொடுங்கள். தொடக்கமும் முடிவும் மெல்ல நிகழும்படிதான் இயல்பான அசைவு அமைந்திருக்கிறது. தொடர் நடையில் அது அடிக்கு அடி நின்று நின்று போவதுபோல் தெரியும். 'அனிமேஷன் ஸ்டைல்' இடத்தில் அதை மாற்றுங்கள். சரியானதும் 'நட' என்று பெயரிட்டு ஒரு புரொசீஜராக, அதாவது ஒரே கட்டளைத் தொகுப்பாக, கட்டி வையுங்கள். பத்து அடி வேண்டுமா, சொன்ன தடவை திரும்பத் திரும்பச் செய்யும் 'கவுண்ட்' சுழலுக்குள் அதைப் போட்டால் தீர்ந்தது.

கணினி ஆசிரியர்: டூ டுகெதரில் இரண்டு கட்டளை போட்டேன், எதுவுமே அசையவில்லையே?

முன்னே ஒரு மீட்டர், பின்னே ஒரு மீட்டர் என்று போட்டிருப்பீர்கள் டீச்சர். ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஒரு தாய்: மகளுக்குக் கணினியில் ஆர்வமே இல்லை. இதைக் காட்டலாமா?

காட்டுங்கள் அம்மா, ஆனால் 'நிரல் கற்கலாம்' என்று சொல்லாமல் 'ஒரு கதை செய்யலாம்' என்று சொல்லிக் காட்டுங்கள். கெய்ட்லின் கெல்லெஹர் என்ற ஆய்வாளர் 2006இல் கதை சொல்வதற்கென்றே ஆலிஸை மாற்றியமைத்து நடுநிலைப்பள்ளி மாணவிகளிடம் கொடுத்தார். கொடுத்த நேரம் போகக் கூடுதலாகத் திருட்டுத்தனமாய் உட்கார்ந்து செய்தவர்கள் 51 சதவீதம். சாதாரண ஆலிஸில் 16தான். ஒன்று, ஆலிஸ் செல்பேசியில் ஓடாது, கணினி வேண்டும்.

கல்லூரி மாணவி: இதிலிருந்து ஜாவா நிரல் மொழிக்குப் போக முடியுமா?

முடியும். விருப்பத்தேர்வுகளில் ஜாவா நிரலைப் பக்கத்திலேயே காட்டும் வசதி உண்டு. நீங்கள் இழுத்துப் போடும் ஒவ்வொரு கட்டமும் அங்கே வரியாக மாறுவதைப் பாருங்கள். ஆனால் வரி முடிவில் அரைப்புள்ளி (;) விட்டுப்போனதற்காகத் திட்டு வாங்கும் அனுபவம் ஆலிஸில் கிடைக்காது, அதை ஜாவாவில்தான் பட வேண்டும்.

எட்டாம் வகுப்பு மாணவன்: அண்ணா, இப்போது ஆள் இறங்கிவிட்டான். ஆனால் ஒட்டகம் திரும்பினால் தள்ளி நிற்கிறவனும் சேர்ந்து சுற்றுகிறான்.

கட்டை அவிழ்க்க மறந்துவிட்டாய். இறங்கிய இடத்தில் மறுபடி 'செட் வெஹிக்கிள்' போட்டு, இந்த முறை ஒட்டகத்துக்குப் பதில் காட்சியையே கொடு.