சார்பியலின் கணிதமும் வெப்ப நிலைகளின் தூரமும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் இயந்திரவியல் கற்பிப்பவன். நியூட்டனின் ஈர்ப்பையும் வாயுக்களின் வெப்ப நிலைகளையும், ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாகக் காணும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைப் போல, வளைவின் மொழியில் எழுதும் கட்டுரைகள் சிலவற்றை அண்மையில் வாசித்தேன். விடைகள் பெரும்பாலும் பழையவையே. அப்படியென்றால் இந்தக் கணிதம் வெறும் அலங்காரம்தானா? ஒரு வாயுவின் இரண்டு நிலைகளுக்கு நடுவே ‘தூரம்’ என்று பேசுவதற்குப் பொருள் உண்டா?

செ.

அன்புள்ள செ.,

விடை மாறவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கணிதத்தை அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. நான் கொள்ளும் உரைகல் வேறு: ஒரு துறையில் தூரம் என்று சொல்லப்படுவதை அந்தத் துறைக்குள்ளேயே இருக்கும் ஏதேனும் ஒன்றால் அளக்க முடிகிறதா? சார்பியலில் கடிகாரம் அதை அளக்கிறது.

வளைந்த வெளிகளைப் பற்றிய இந்தக் கணிதம் சார்பியலுக்கு முந்தையது. கணிதவியலாளர் ரீமான் 1854இல் அதற்கு அடித்தளமிட்டார். அதற்கும் முன்பே, 1842–43இல் கோனிக்ஸ்பெர்க்கில் ஆற்றிய விரிவுரைகளில், மொத்த ஆற்றல் மாறாத ஒரு பொருளின் பாதையை, தகுந்தபடி மாற்றியமைத்த தூர அளவையில் மிகக் குறுகிய பாதையாகக் காணலாம் என்று யாக்கோபி விளக்கியிருந்தார். அந்த அளவை பொருளின் ஆற்றலைச் சார்ந்தது என்பதுதான் அதன் குறை. ஒரே இடத்திலிருந்து மெதுவாக எறிந்த கல்லுக்கு ஒரு வடிவியலும் வேகமாக எறிந்த கல்லுக்கு வேறொரு வடிவியலும் என்றாகிவிடுவதால், வளைவை வெளியின் பண்பாகக் கொள்ள வழியில்லை.

கணிதவியலாளர் எலீ கார்தான் 1923இல் வெளியோடு காலத்தையும் சேர்த்துக்கொண்டு, நியூட்டனின் ஈர்ப்பையே காலவெளியின் வளைவாக எழுதினார். அங்கே இரு கற்களுக்கும் வடிவியல் ஒன்றே. தடையின்றி விழுவதுதான் நேர்ப்பாதையில் செல்வது. கணிக்கப்படும் எண் ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் ஈர்ப்பை வளைவாக எழுத ஒளியின் வேகம் தேவையே இல்லை, நிலைம நிறையும் (வேகமாற்றத்தை எதிர்ப்பது) ஈர்ப்பு நிறையும் (ஈர்ப்புக்கு உட்படுவது) சமம் என்ற பழைய உண்மையே போதும் என்பது இதனால்தான் தெளிவாகிறது. கடிகாரத்தின் அளவையும் அளவுகோலின் அளவையும் ஒன்றாக இணைந்ததே சார்பியலுக்கு உரிய புதுமை. கார்தான் வரைந்த நியூட்டனின் உலகில் அவை தனித்தனியாகவே நிற்கின்றன. இவ்வளவைப் பிரித்துக் காட்டும் கணிதத்தை அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெப்ப இயக்கவியலைப் பற்றிய உங்கள் ஐயம் இன்னும் கூர்மையானது. கிப்ஸ் 1873இல் ஒரு பொருளின் சமநிலைகளை ஒரு பரப்பாகக் காட்டினார். என்றாலும் ஓர் அச்சில் என்ட்ரோபியும் (ஒழுங்கின்மையின் அளவு) மற்றோர் அச்சில் பருமனும் இருக்கும் படத்தில் அளவுகோலை வைப்பதில் பொருளில்லை. 1975இல் வெயின்ஹோல்ட் அக ஆற்றலின் இரண்டாம் வகைக்கெழுக்களை (மாறும் வீதம் எப்படி மாறுகிறது என்பதன் அளவுகள்) கொண்டு ஒரு தூர அளவையை அமைத்தார். 1979இல் ருப்பைனர் என்ட்ரோபியின் இரண்டாம் வகைக்கெழுக்களைக் கொண்டு வேறொன்றை அமைத்தார். என் உரைகல்லில் ஐயமின்றித் தேறுவது பின்னதே. எந்தப் பொருளிலும் ஒரு சிறு பகுதியின் ஆற்றலும் அடர்த்தியும் சராசரியைச் சுற்றி ஓயாமல் ஏறி இறங்குகின்றன; அந்தத் தற்செயலான ஏற்ற இறக்கத்தால் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றை எட்டுவது எவ்வளவு அரிதோ, அவ்வளவு தொலைவில் அவ்விரண்டும் இருப்பதாக ருப்பைனரின் அளவை சொல்கிறது.

அதன்படி, மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காததாகக் கொள்ளும் நல்லியல்பு வாயுவின் வளைவு சுழி. மூலக்கூறுகளின் பருமனையும் ஈர்ப்பையும் கணக்கில் கொள்ளும் வான் டெர் வால்ஸ் வாயுவுக்கோ, திரவமும் ஆவியும் வேறுபாடு இழக்கும் மாறுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க வளைவு எல்லையின்றிப் பெருகுகிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸில், 73 வளிமண்டல அழுத்தத்தில் அந்தப் புள்ளியை அடையும்போது வெண்மையாகக் கலங்குவதை ஆய்வகத்தில் காணலாம். அடர்த்தியின் ஏற்ற இறக்கங்கள் ஒளியின் அலைநீளம் அளவுக்கு ஒன்றோடொன்று இணைந்துகொள்வதே காரணம். அப்படி இணைந்த பகுதியின் கன அளவையே வளைவு குறிக்கிறது என்பது ருப்பைனரின் விளக்கம். வெயின்ஹோல்டின் அளவையை எடுத்தால் அதே வாயுவுக்கு வேறு வளைவு வரும். ஆகவே எந்த அளவை என்று சொல்லாமல் வளைவைப் பற்றி மட்டும் பேசும் கட்டுரையை எச்சரிக்கையோடு வாசியுங்கள்.

பொறியியல் மாணவர்களிடம் சாலமனும் பெர்ரியும் 1983இல் கண்ட முடிவிலிருந்து தொடங்கலாம். சமநிலையை ஒட்டியே நடக்கும் ஒரு செயல்முறையைக் குறித்த காலத்துக்குள் முடிக்கும்போது வீணாகும் பயனுறு ஆற்றலுக்கு (வேலையாக மாற்றக்கூடிய ஆற்றலுக்கு) ஒரு கீழ் எல்லை உண்டு. அது வெயின்ஹோல்டின் அளவையில் வரும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது.