கார் கேள்வி – பதில்: பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

கேள்வி: ஐந்து வருடக் கறுப்பு கார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாலிஷ் போடுகிறேன். ஒரு வாரம் பளபளக்கிறது, பிறகு பழையபடி மங்கிவிடுகிறது. நீடித்து நிற்கிற நல்ல பாலிஷ் எது? (வாசகர், தாம்பரம்)

பதில்: முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கை நிறுத்துங்கள். கடையில் எல்லா டப்பாவையும் பாலிஷ் என்றே சொல்லி விற்பதால் வரும் வம்பு இது. பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது. வாக்ஸ் என்பது மேலே பூசுவது. பாலிஷில் நுண்ணிய உராய்வுத் தூள் இருக்கிறது. நிறத்துக்கு மேலே கண்ணாடி போல இருக்கும் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடியின் கனம்கூட இல்லை. ஒவ்வொரு பாலிஷிலும் அதில் கொஞ்சம் கரைகிறது. போனது போனதுதான். வெயிலைத் தடுக்கும் சத்தும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அளவு மீறினால் நாலைந்து வருடத்தில் பானெட்டும் கூரையும் பொருக்குத் தட்டி உரியும். அப்புறம் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு வாரப் பளபளப்புக்குக் காரணம், மலிவான பாலிஷ்களில் கலந்திருக்கும் எண்ணெயும் நிரப்புப் பொருளும். அவை கீறலுக்குள் போய் உட்கார்ந்து அதை மறைக்கின்றன. நாலு முறை கழுவினால் கிளம்பிவிடும். சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, பாலிஷ் போட்ட இடத்தில் ஒரு கைக்குட்டை அகலத்துக்குத் துடையுங்கள். கீறல் திரும்பத் தெரிந்தால் நீங்கள் வாங்கியது மறைப்பு, மருந்து அல்ல.

கறுப்பு காரில் வெயில் பட்டால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அது தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுவதன் விளைவு. தூசியில் மணல் இருக்கிறது. துணி அதை உப்புத்தாள் ஆக்கிவிடுகிறது. ஒரே ஒருமுறை, மெஷின் வைத்திருக்கும் நல்ல ஆளிடம் கொடுத்து, மிருதுவான ஃபோம் பேடில் ஃபைன் பாலிஷ் போட்டு அந்த வட்டங்களை எடுத்துவிடுங்கள். உடனே மேலே சீலன்ட் (வாக்ஸ் போலவே பூசும் செயற்கைப் பாலிமர்) பூசிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கழுவுவதும் பூசுவதும் மட்டுமே வேலை. டப்பாவில் காம்பவுண்ட், ரப்பிங், ஸ்க்ராட்ச் ரிமூவர் என்று போட்டிருந்தால் அது தேய்க்கிற சாதி. கிளீனர் வாக்ஸ், த்ரீ இன் ஒன் என்பவற்றிலும் பெரும்பாலும் தேய்க்கும் தூளோ அழுக்கை அரிக்கும் ரசாயனமோ உண்டு. அவற்றை மாதாமாதம் போடக் கூடாது.

கேள்வி: வீடு உப்பளத்துக்குப் பக்கம், கார் நிற்பது திறந்த வெளியில். கார்னாபா, சீலன்ட், செராமிக் மூன்றில் எது தாங்கும்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: சீலன்ட். கார்னாபா வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. தனி மெழுகு 80 டிகிரி தாண்டித்தான் உருகும். ஆனால் டப்பாவில் வருவது எண்ணெயும் மென்மெழுகும் கலந்தது, அதற்கு முன்பே இளகிவிடும். சித்திரை வெயிலில் அடர் நிறக் காரின் பானெட் 70 டிகிரிக்குப் போவது சாதாரணம். மினுமினுப்பின் அழகில் கார்னாபாவை அடிக்க ஆளில்லைதான்; நிழலில் நிற்கும் காருக்கு அது சரி. உங்கள் ஊரில் நாலு முதல் ஆறு வாரம் நின்றாலே பெரிது. செயற்கைப் பாலிமர் சீலன்ட் நாலு முதல் ஆறு மாதம் தாங்கும். மார்ச்சில் ஒருமுறை, மழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை பூசினால் வருடம் ஓடிவிடும். உப்புத் தூசியை வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். துடைப்பது அதற்குப் பிறகுதான்.

செராமிக் என்பது பூசியபின் கெட்டியாக இறுகும் திரவப் பூச்சு. சரியாகப் போட்டால் ஒன்று முதல் மூன்று வருடம் நிற்கும். ஆனால் கீழே கீறல் இருந்தால் அதையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிடும். விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். வைரக் கடினம் என்று நினைத்துக்கொண்டு முன்னால் போகும் ஜல்லி லாரியை ஒட்டிப் போகாதீர்கள்.

கேள்வி: புது காருக்கு ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: தோசைக்கல்லில் டெஃப்லான் ஒட்டுவதற்கு 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். காரில் அவ்வளவு சூடு காட்டினால் பெயின்ட் கருகும். பெயர் எதுவானாலும் போடுவது பெரும்பாலும் ஒரு சீலன்ட்தான். அதை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: வாக்ஸ் போட்டுத் துடைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் போகவில்லை. (வாசகி, சேலம்)

பதில்: பூசியது அதிகம், அல்லது பூசியது வெயிலில். பெரும்பாலும் இரண்டும். புறங்கையைப் பானெட்டில் வைத்தால் சுடக் கூடாது. காலை எட்டு மணிக்குள் நிழலில் ஆரம்பியுங்கள். கார் ஷாம்பு போட்டுக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். மணல் மாதிரி நெருடினால் களிமண் போல இருக்கும் கிளே பாரை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து லேசாக ஓட்டி, அந்தப் பொருக்கை எடுக்க வேண்டும். கிளே பார் கீழே விழுந்தால் எடுத்து வீசிவிடுங்கள், மனசு கேட்காமல் திரும்ப உபயோகித்தால் ஒட்டிய மண் காரைக் கீறும்.

சின்ன காருக்கு 20 முதல் 30 மில்லி திரவ வாக்ஸ் போதும். ஸ்பாஞ்சில் ஒரு ரூபாய் நாணய அளவு எடுத்து ஒரு கதவுக்குப் பரப்புங்கள். பூசியதே தெரியவில்லையே என்று தோன்றினால் சரியாகப் பூசுகிறீர்கள். பனி போல வெளுத்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள்: இடம் பளிச்சென்று இருந்தால் துடைக்கலாம், ஈஷினால் பொறுக்கணும். ஈரக் காற்று உள்ள நாளில் நேரம் கூடும். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே ஏறிய வெள்ளை லேசில் போகாது. இப்போது நிற்கும் திட்டுக்கு, அதே வாக்ஸைத் துளி தடவி உடனே துடையுங்கள். பழையது இளகி வந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் கீறல்தான் மிச்சம்.

கேள்வி: டிங்கரிங் முடித்துக் கதவுக்குப் புது பெயின்ட் அடித்தேன். எப்போது வாக்ஸ்? (வாசகர், கோவை)

பதில்: ஒர்க்‌ஷாப் பூத்தில் சூடு காட்டியிருந்தால் 30 நாள், வெறும் காற்றில் உலர்த்தியிருந்தால் 60 முதல் 90 நாள் கழித்து. தின்னர் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். மேலே மூடினால் பெயின்ட் சரியாக இறுகாது. கம்பெனியில் பாடியை 140 டிகிரி அளவில் சுட்டு எடுப்பதால் புது காருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

கேள்வி: மரத்தடியில் பறவை எச்சம், போர் தண்ணீரில் வெள்ளைப் புள்ளி. வாக்ஸ் தடுக்குமா? (வாசகர், மதுரை)

பதில்: நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. அதன் மேல் எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பெயின்ட் சுருங்கும்போது அந்தத் தடம் பதிந்துவிடுகிறது. பார்த்த உடனே ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

வெள்ளைப் புள்ளி, போர் தண்ணீர் காய்ந்தபின் தங்கும் சுண்ணாம்பு. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, காயும் முன் துவட்டிவிடுங்கள். ஏற்கெனவே பிடித்ததற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, குளிர்ந்த பாடியில் ஒரு நிமிடம் ஒற்றி, ஷாம்பு போட்டு அலசுங்கள். வினிகர் பட்ட இடத்தில் வாக்ஸும் போயிருக்கும், அங்கே மட்டும் திரும்பப் பூசுங்கள்.