திருத்தச் சொன்னால் மாற்றி எழுதிவிடுகிறார்களே?

கேள்வி: இணையவழி இதழியல் வகுப்பில் வாரம் ஒரு 300 சொல் கட்டுரை எழுதுகிறோம். கூகுள் டாக்ஸில் சக மாணவர் ஒருவர் அதைத் திருத்த வேண்டும். ஒருவர் ஒற்றுப்பிழைகளை மட்டும் பார்த்துவிட்டு ‘நன்று’ என்கிறார். இன்னொருவர் முழுவதையும் தன் நடைக்கு மாற்றிவிடுகிறார். எப்படித்தான் செய்வது?

பதில்: இரண்டாவதற்கு வழி சுலபம். கோப்பைப் பகிரும்போது ‘எடிட்டர்’ அனுமதி வேண்டாம், ‘கமென்டர்’ போதும். அவர் செய்யும் மாற்றமெல்லாம் பரிந்துரையாக மட்டுமே நிற்கும். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் கையில். பகிரும் முன், பழைய வரைவுகளைக் காட்டும் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் அந்த வரைவுக்கு ஒரு பெயரும் கொடுத்து வையுங்கள்.

முதல் சிக்கல்தான் பெரியது. ஒற்றுப்பிழை சட்டென்று கண்ணில் படும் என்பதால் எல்லோரும் அங்கேயே தொடங்குகிறார்கள். பாடுபட்டு ஒற்று போட்ட பத்தியைப் பிறகு நீக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் முதலில் செய்தி, அடுத்து தகவல், கடைசியில் மொழி என்று போங்கள்.

முதல் வாசிப்பில் கீபோர்டைத் தொடக்கூடாது. படித்து முடித்ததும், கட்டுரையைத் திரும்பப் பார்க்காமல், அது சொல்லும் செய்தியை ஒரே வாக்கியத்தில் கமென்ட்டாக எழுத வேண்டும். எழுதியவர் மனதில் வேறொன்று இருந்தால் முதல் பத்தி தவறு. மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி நடப்பது இது: ‘கிராம சபைக் கூட்டம் மே 1 அன்று வரவேற்புரையுடன் தொடங்கியது’ என்று ஆரம்பிக்கும். குடிநீர் வராததைக் கண்டித்துப் பெண்கள் வெளிநடப்பு செய்தது நான்காம் பத்தியில் கிடக்கும். கூட்டம் நடந்த வரிசையிலேயே எழுதும் பழக்கம், தீர்மானப் புத்தகத்துக்குச் சரி. இணையத்தில் நான்காம் பத்தி வரை பலர் வருவதில்லை. வெளிநடப்பை முதல் வரிக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றி எழுதுவது கட்டுரையாளரின் வேலை.

அடுத்து, பெயர், பதவி, எண், தேதி ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்டி, ‘இது எங்கிருந்து கிடைத்தது?’ என்று கேளுங்கள். ‘கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’ வரும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். சொன்னவர் யார் என்பதை அவை மறைத்துவிடும். ‘நேற்று’, ‘கடந்த வாரம்’ எல்லாம் தேதியாக மாற வேண்டும், ஆறு மாதம் கழித்தும் அந்தப் பக்கத்தை யாரோ திறப்பார்கள். சதவீதத்தை நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாலியல் குற்றச் செய்தி என்றால் தனி எச்சரிக்கை. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமல்ல, முகவரி, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் ஊடகம் வெளியிடக்கூடாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெயரை விட்டுவிட்டுப் பள்ளியையும் தெருவையும் எழுதுவதுதான் இங்கே வழக்கமாக நேரும் தவறு. இதைக் கேள்வியாகப் போட்டுவிட்டு நகராதீர்கள். உடனே வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

மொழிக்குக் கடைசிப் பத்து நிமிடம் போதும். வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் வாக்கியத்தை உடைக்கச் சொல்லுங்கள். ‘ஔ’வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகவும், துணைக்காலுக்குப் பதில் ‘ர’வாகவும் அடித்திருப்பார்கள். பார்வைக்குத் தெரியாது, தேடலில் அந்தச் சொல் சிக்காமல் போகும். தலைப்பில் முக்கியச் சொல் முதல் நான்கைந்து சொற்களுக்குள் வரட்டும், நீளமான தலைப்பைக் கூகுள் பாதியில் வெட்டிவிடும்.

ஒரு கட்டுரைக்கு ஐந்தாறு கமென்ட் போதும். ‘முதல் பத்தி சரியில்லை’ என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. ‘தொட்டி எத்தனை நாளாகப் பழுது? ஊராட்சிச் செயலர் என்ன சொன்னார்?’ என்று கேட்டால் திருத்த முடியும். எழுதியவரும் ஏற்காத கமென்ட்டுக்கு ‘ரிசால்வ்’ மட்டும் அழுத்தாமல், ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி பதில் எழுதிவிட்டு மூடட்டும். மதிப்பெண் போடும் ஆசிரியர் கமென்ட் வரலாற்றைத் திறந்தால் அந்த ஒரு வரிதான் உங்கள் தரப்பைச் சொல்லும்.