ஓ.பி. பெஞ்சை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: நீட் தேர்வில் என் மகளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. பல் மருத்துவம், அதாவது பி.டி.எஸ்., படிக்கிறேன் என்கிறாள். சென்னையில் ஏ.சி. வகுப்பறையோடு விளம்பரம் வருகிற கல்லூரியைத்தான் முதலில் போட வேண்டும் என்கிறார் அவள் அப்பா. தோழி சேரும் இடமே போதும் என்கிறாள் இவள். எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது, டாக்டர்?
- ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: ஏ.சி.யில் உட்கார்ந்து பல் பிடுங்கக் கற்றுக்கொள்ள முடியாதும்மா. அதற்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார ஆள் வேண்டும்.

நான் படித்தது ஊருக்கு வெளியே, சுற்றிலும் வயலாக இருந்த ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். கட்டடம் அரண்மனை மாதிரி இருக்கும். வெளிநோயாளிகள் உட்காரும் ஓ.பி. பெஞ்சில் காக்கா உட்காரும். பி.டி.எஸ்.ஸில் கடைசி இரண்டு வருடம், ஒவ்வொரு துறையிலும் இத்தனை கேஸ் முடித்துக் காட்ட வேண்டும் என்று கணக்கு உண்டு. 'கோட்டா' என்போம். முழு பல் செட்டுக்கு ஆள் கிடைக்காமல் ஊரிலிருந்து என் பெரியம்மாவைக் கூட்டி வந்தேன். அளவு எடுக்க இரண்டு தடவை, தாடை பொருத்தம் பார்க்க, மெழுகில் வைத்துப் பார்க்க, கடைசியில் மாட்ட என்று ஐந்து நடை. பஸ் சார்ஜ், மதியச் சாப்பாடு எல்லாம் என் கைக்காசு. செட்டை மாட்டிக் கண்ணாடி காட்டினால், "ஏண்டி, இனிமே வர வேண்டாமா? உங்க மெஸ் தயிர்சாதம் நல்லாருந்துச்சே" என்றார். அரசுக் கல்லூரியில் படித்த என் சிநேகிதி, ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பிடுங்கிய பல்லுக்குக் கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. நான் பிடுங்கியதை எண்ணிச் சொல்லிவிடலாம்.

அதனால் மனதில் இருக்கும் கல்லூரிக்கு ஒரு திங்கட்கிழமை காலை மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல்வர் அறைக்குப் போக வேண்டாம், ஓ.பி.யில் உட்காருங்கள். மதியம் கடைசியாக வந்தவரின் சீட்டில் என்ன எண் போட்டிருக்கிறது என்று நயமாகக் கேட்டுப் பாருங்கள். சிகிச்சை நாற்காலிகளில் எத்தனையில் ஆள் இருக்கிறது, எத்தனையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை என்று பாருங்கள். பிறகு கேன்டீனில் ஓர் இறுதியாண்டு மாணவியைப் பிடித்து, "கோட்டாவுக்கு வெளியிலிருந்து ஆள் கூட்டி வருகிறீர்களா?" என்று கேளுங்கள். சிரித்தாள் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

பட்டியலில் அரசுக் கல்லூரிகள்தான் முதலில். 1953-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இருந்த சிதம்பரம், 2023-இல் திறந்த புதுக்கோட்டை. அடுத்து, தனியார் கல்லூரிகளில் இருக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள். இவை இரண்டுக்கும் மாநிலக் கலந்தாய்வில் ஒரே விண்ணப்பம், நிர்வாக ஒதுக்கீட்டுக்குத் தனி விண்ணப்பம். மகள் 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, முதலில் அதைப் பாருங்கள்.

அப்பா சொல்லும் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்று விசாரியுங்கள். ஆமென்றால், அந்த இடங்கள் மாநிலக் கலந்தாய்வில் வராது. மத்தியக் கலந்தாய்வுக் குழுவின் இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும். மாநிலக் கலந்தாய்வையே பார்த்துக்கொண்டிருந்து இந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள் எத்தனையோ பேர். கட்டணத்தைக் கேட்கும்போது நான்கு வருடப் படிப்போடு ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்துக் கேளுங்கள். விடுதி, கருவிகள் எல்லாம் தனியாக வரும். கட்ட முடியாத கல்லூரியைப் பட்டியலில் போடவே போடாதீர்கள். ஒதுக்கிய பிறகு வேண்டாம் என்றால் எந்தச் சுற்றில் என்ன இழப்பு என்பது கலந்தாய்வின் தகவல் தொகுப்பேட்டில் (பிராஸ்பெக்டஸ்) இருக்கும். மற்றபடி நிஜமாக எதை விரும்புகிறீர்களோ அந்த வரிசையிலேயே போடுங்கள்.

தோழி விஷயம்: இருவருக்கும் ரேங்க் வேறு. வாட்ஸ்ஆப் இருக்கிறது, சமாளித்துக்கொள்வார்கள்.

கேள்வி: எனக்குப் படம் வரையவே வராது. பி.டி.எஸ்.ஸுக்குக் கை வேலை வேண்டும் என்கிறார்களே, விண்ணப்பிக்கலாமா அக்கா?
- பிளஸ் டூ மாணவி, மன்னார்குடி

பதில்: தாராளமாக, தங்கச்சி. படம் வேறு, இது வேறு. முதலாண்டில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்கள். இன்றைக்கே ஒரு சோப்பை எடுத்து, கண்ணாடியில் உன் கடைவாய்ப் பல்லைப் பார்த்துச் செதுக்கிப் பார். சோப்பு வீணானால் பரவாயில்லை. எனக்கு மூன்று மெழுகுக் கட்டி வீணாயிற்று. நான்காவதைப் பார்த்த பேராசிரியர், "இது எந்தப் பல்லும்மா?" என்று மட்டும் கேட்டார்.