மாற்றத்திற்குக் கடைசி நாள் எது? திட்ட மேலாண்மை கேள்வி பதில்

ஆம்பூர், காலணி உற்பத்தி மேற்பார்வையாளர்: ஐயா, ஆர்டர் கொடுத்த பிறகும் வாங்குபவர் நிறத்தையும் சைஸ் எண்ணிக்கையையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார். பிறகு எதற்காக முன்கூட்டியே திட்டம் போட வேண்டும்?

பதில்: ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு கடைசி நாள் உண்டு, அந்த நாளைக் கண்டறிந்து எழுதி வைப்பதுதான் உங்கள் திட்டத்தின் முதல் வேலை. தோல் சாயமேற்றும் டிரம்மில் இறங்கும்வரை நிறத்தை மாற்றலாம், கட்டிங்கிற்குப் போகும்வரை சைஸ் எண்ணிக்கையை மாற்றலாம். இவ்விரண்டு தேதிகளையும் ஆர்டரை ஏற்கும்போதே வாங்குபவரிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அடுத்த இரண்டு வாரங்களை நாள்வாரியாகவும், அதற்கப்பால் உள்ளதை மொத்த ஜோடிக் கணக்காகவும் வைத்துக்கொண்டு, வாரந்தோறும் ஒரு வாரத்தை விரித்து எழுதுங்கள். இதைத்தான் ‘ரோலிங் வேவ்’ திட்டமிடல் என்கிறார்கள். மாற்றத்திற்கு ஏற்பத் திட்டத்தைத் திருத்திக்கொண்டே போவதுதான் தகவமைத் திட்டமிடல்; திட்டமே இல்லாமல் வேலை செய்வதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

குடியாத்தம், கட்டட ஒப்பந்ததாரர்: வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்து, அவ்வப்போது திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் அஜைல் என்பது மென்பொருள்காரர்களுடைய முறை அல்லவா? எங்களுக்கு அது பொருந்துமா?

பதில்: 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருளாளர்கள் வெளியிட்ட அறிக்கையால்தான் அந்தப் பெயர் பரவியது என்பது உண்மையே. அதை முழுவதுமாகக் கட்டடத்திற்குக் கொண்டுவர இயலாது. சாதாரண போர்ட்லேண்டு சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற (ஈரம் காயாமல் வைத்திருக்க) வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. எந்த முறையைப் பின்பற்றினாலும் அந்த 7 நாள் குறையாது.

ஆனால், வேலைகளின் வரிசையை மாற்றிக்கொள்ள இடமுண்டு. ஒரு நவம்பரில், அட்டவணையில் எழுதியிருக்கிறது என்பதற்காகவே, மேகம் கறுத்த பின்னும் கூரைக் கான்கிரீட்டை நிறுத்தாமல் போட்டேன். மதியம் மழை கொட்டியது. தார்ப்பாய் எட்டாத மூலையில் சிமென்ட் பால் வழிந்தோடி, ஜல்லி பல் இளித்தது. அதைக் கொத்தியெடுத்துச் சரிசெய்த நாள்களை இன்றும் மறக்கவில்லை. அன்றுமுதல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு கான்கிரீட் நாளுக்கும் எதிரே, மழை வந்தால் ஆட்களை மாற்றிவிடுவதற்கான உள்வேலை ஒன்றை, பூச்சு வேலையோ மின்குழாய் பதிப்போ, எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆற்காடு, சிறுதொழில் உரிமையாளர்: இதற்கெல்லாம் விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. எக்செல் போதும், அதைவிட, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்கும் ஓர் அட்டை நல்லது.

காட்பாடி, பொறியியல் இறுதியாண்டு மாணவி: ஐயா, படிப்பு முடிந்தவுடன், திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா? அதை நடத்தும் சங்கத்தில் உறுப்பினர் ஆவதால் என்ன பயன்?

பதில்: உடனே எழுத முடியாது, அம்மா. அந்தச் சான்றிதழை வழங்கும் பி.எம்.ஐ., 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, திட்ட மேலாண்மைத் துறையினரின் சங்கம். பட்டதாரிகளாக இருந்தாலும் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவத்தையும் 35 மணி நேரப் பயிற்சியையும் அது கேட்கிறது. அதே சங்கம் நடத்தும் தொடக்கநிலைத் தேர்வான சி.ஏ.பி.எம். அனுபவம் கேட்பதில்லை; 23 மணி நேரப் பயிற்சியை முடித்துவிட்டு அதை இப்போதே நீங்கள் எழுதலாம். 2021-இல் மாற்றியமைக்கப்பட்ட பி.எம்.பி. தேர்வில் ஏறத்தாழப் பாதி வினாக்கள் அஜைல் போன்ற தகவமை முறைகளையும், அவற்றை முன்கூட்டிய திட்டமிடலோடு சேர்க்கும் கலப்பு முறைகளையும் பற்றியவையாகிவிட்டதால், பழைய நூல்களை மட்டும் நம்பிப் படிக்காதீர்கள்.

சான்றிதழைவிடச் சங்கத்தின் மனிதர்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். சென்னைக் கிளையின் கூட்டம் ஒன்றுக்குப் போய்வாருங்கள். போகும்போது உங்கள் கல்லூரி புராஜெக்டின் அட்டவணையைக் கையோடு கொண்டுபோய், அனுபவம் உள்ள ஒருவரிடம் காட்டி, இதில் எந்தத் தேதி முதலில் தவறும் என்று கேளுங்கள்.